அக்கா சாப்பிட்ட கத்தரிக்காய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பினாங்கில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்து விவசாயத்துக்குத் திருப்பிவிட முடியுமா என்பதுதான் தலைப்பு. பாயான் பாரு என்ற பகுதியில் வீடுகளுக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்க் குளத்தின் ஓரம் கொஞ்சம் நிலம் கொடுத்திருந்தார்கள். குளத்துத் தண்ணீரை மணலிலும் நாணல் பாத்தியிலும் வடித்து, கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தேன்.

காய்கள் பளபளவென்று காய்த்தன. ஆய்வுக்கூடச் சோதனையிலும் ஒரு குறை இல்லை. தின்னத்தான் ஆளில்லை. கூடப் படித்தவர்களே 'கக்கூஸ் கத்தரிக்காய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் ஒருத்தி எத்தனை நாள்தான் கத்தரிக்காயே தின்பது?

நான் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டு அக்காதான் முதலில் கை நீட்டினார். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்.

"குடு லா. பாசார்ல வாங்குற காய்க்கு என்ன தண்ணி ஊத்தினான்னு யாராச்சும் கேக்குறோமா?" என்று பையைப் பிடுங்கிக்கொண்டார்.

அன்று அவர் செய்த கத்தரிக்காய்ப் பிரட்டல் போல நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு வாராவாரம் கேட்டு வாங்கிச் சமைத்தார். அக்கம்பக்கத்தில் மூக்கைச் சுளித்தவர்களுக்கு வேண்டுமென்றே ஒரு கிண்ணம் அனுப்புவார். அவர் கணவர் எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் லாரி ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அடுத்த ஆண்டு அக்கா படுத்துவிட்டார். ரத்தப் புற்றுநோய். சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஜார்ஜ்டவுன் மருத்துவமனையில் தெளிவாகத்தான் சொன்னார்கள். யார் காதில் ஏறியது? சில மாதங்களில் அக்கா போய்விட்டார். சாவு வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் அவருடைய நாத்தனார் என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"கண்டதையும் குடுத்து எங்க அண்ணியக் கொன்னுட்டியே."

அக்காவின் கணவர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு தோழியின் அறைக்குப் போய்விட்டேன். சோதனை முடிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. என் மனசுதான் சரியாக இல்லை. ஒருவேளை நான்தானோ, ஒருவேளை நான்தானோ என்று அது அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஆராய்ச்சியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் என்று முடிவு செய்து தோட்டத்துக்குப் போய்ச் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

பாதி பிடுங்கியிருப்பேன், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அக்காவின் கணவர். நேராகத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, கத்தரிக்கா இருக்கா?" என்றார். "நாளைக்குக் கருமாதி. அவளுக்குப் பிடிச்சதுன்னு படைக்கணும்ல."

"அண்ணே... உங்க தங்கச்சி சொன்னது..."

"அவ சொல்லுவா. கூடச் சாப்பிட்டவன் நான்தானே." அவர் கண் கலங்கியது. "டாக்டர்கிட்ட நானும் கேட்டேன். அன்னைக்கு எனக்குப் பேச வாய் வரல, தங்கச்சி."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் நான் பிடுங்காமல் விட்டிருந்த செடிகளில் காய் பறித்தார்.

மறுநாள் அக்காவின் படத்துக்கு முன்னால் இலையில் கத்தரிக்காய்ப் பிரட்டல் வைத்துப் படைத்தார்கள். பிறகு எல்லோருக்கும் பரிமாறியபோது நாத்தனார் இலையை மடித்துவிட்டு எழுந்தார். வேறு சிலரும் எழுந்தார்கள். அக்காவின் கணவர் யாரையும் தடுக்கவில்லை. சோற்றில் பிரட்டலைப் பிசைந்து, கண்ணீர் வடிய, முழுதும் சாப்பிட்டார்.

பிடுங்கிய பாத்தியில் மறுபடி நாற்று நட்டு, ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த மனிதர் அன்று சாப்பிட்ட சோறு என் நெஞ்சிலிருந்த பயத்தைத்தான் போக்கியது; அக்கா இல்லை என்ற துக்கத்தை இன்னும் எதுவும் போக்கவில்லை.