பார்ட் டூதானே மேடம்!

குழம்பு ருசியாக இருந்தால் சமையல்காரரைப் புகழ்வார்கள், சப்பென்று இருந்தால் மட்டும் உப்பைப் பற்றிப் பேசுவார்கள். பட்ட வகுப்புக்குப் பொது ஆங்கிலம் எடுக்கிற உத்தியோகமும் அப்படித்தான். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்துச் சில வருஷங்கள் அந்த உப்பு வியாபாரம் பார்த்தேன். பெரம்பலூரில் குடியிருந்து, அரியலூர் போகிற பஸ்ஸில் தினமும் புடவை கசங்க நின்றபடி போய் இறங்கிய அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பொதுத் தமிழோ பொது ஆங்கிலமோ சொல்லிக் கொடுத்தவர்களுக்கும், அதில் ஒரு தடவையாவது கோட்டை விட்டவர்களுக்கும் பெயர் தேவைப்படாது. உங்கள் கல்லூரியும் அந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கும்.

மிச்ச மார்க்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது பட்டப் படிப்பில் மூன்று பகுதி. பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ என்பது மாணவன் விரும்பி எடுத்த மெயின் பாடம். முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்பதைப் பார்ட் த்ரீ மார்க்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவு வாங்கினாலும் வகுப்புக் கணக்கில் சேராது. ஆனால் அதில் தேறாவிட்டால் டிகிரியே கிடையாது. அதாவது எங்கள் பாடம் ஒருவனைக் கைதூக்கி விடாது, காலை மட்டும் வாரி விடும். இப்படி ஒரு விதியை ஏ.சி. அறையில் உட்கார்ந்து யோசித்த புண்ணியவான்களை நான் திட்டாத நாளே கிடையாது.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தேறுகிற அளவுக்கு ஒரு வரி கூடுதலாகப் படித்தால்கூட அது வீண் செலவு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒருநாள் காமர்ஸ் வகுப்பில் எனக்குப் பொறுக்கவில்லை. படிப்பு என்பது மார்க்குக்காக மட்டும் இல்லை, மனுஷனாக நிமிர்ந்து நிற்பதற்காக என்று மூச்சு விடாமல் பேசி முடித்தேன். பரவாயில்லை, உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் மரியாதையாக எழுந்து நின்று கேட்டான்: "பாஸ் மார்க்குக்கு மேல வாங்குனா, மிச்சத்த அக்கவுண்டன்ஸிக்கு மாத்திக்கலாமா மேடம்?"

ஒரே கொட்டகையில்

கெமிஸ்ட்ரிக்கு லேப் உண்டு. விலங்கியலுக்குப் பாட்டிலில் பாம்பு உண்டு. எங்களுக்கு சைக்கிள் ஷெட்டை ஒட்டிய நீளமான ஹால். கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் அதில் மொத்தமாக அடைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் கையில் ஒப்படைப்பார்கள். தகரக் கூரை. வெயில் அடித்தால் அடுப்பு, மழை பெய்தால் என் குரல் எனக்கே கேட்காது. பின் பெஞ்சுகளில் தலை சாய்ந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விடிகாலையில் வயலில் தண்ணீர் கட்டிவிட்டுப் பழைய சோற்றைக் குடித்துவிட்டு பஸ் ஏறி வருகிற பிள்ளைகள்.

நானும் பார்ட் ஒன் எடுத்த தமிழய்யா கோவிந்தராசுவும் சேர்ந்து பிரின்ஸிபாலிடம் போனோம். தமிழய்யா எதற்கும் அதிர்ந்து பேசாத மனிதர். அவரே அன்று மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். "ஒரு வகுப்பையாவது பிரிச்சுக் குடுங்க சார். எவன் வந்தான், எவன் வரலைன்னுகூட எங்களுக்குத் தெரியல" என்றார். பிரின்ஸிபால் பொறுமையாகக் கேட்டார், ஃபேன் வேகத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தார், பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "பேசுறவங்களுக்குக் கூட்டம் சேந்தா சந்தோஷமாத்தானே இருக்கணும்?"

கணப்படுப்பு

பாடப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. இங்கிலாந்தில் ஒரு கனவான். வெளியே பனி. உள்ளே கணப்படுப்புக்கு முன்னால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நெருப்பை விட்டு எழுந்து போக மனம் வரவில்லையே என்று பக்கம் பக்கமாக ஏங்குகிறார். அந்த ஏக்கத்தைப் பங்குனி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நான் விளக்க வேண்டும்.

புத்தகத்தின் கடைசியில் உரையாடல் பயிற்சி என்று ஒன்று இருந்தது. ஒருவர் தேநீருக்கு அழைத்தால் மனம் நோகாமல் மறுப்பது எப்படி? 'ஐ ஆம் சோ சாரி, ஐ ஹேவ் அனதர் என்கேஜ்மென்ட்' என்று சொல்ல வேண்டுமாம். ஹால் முழுக்கக் கோரஸாகச் சொல்லும். அதைத் திருத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னவன் தங்கராசு. வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்துக் கிராமம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட குடும்பம். கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவன்தான். கெமிஸ்ட்ரியில் புலி. கூச்சப்பட்டுக்கொண்டு மூலையில் நிற்பான், வாயைத் திறந்தால் மட்டும் குத்தலாக ஏதாவது வரும். அன்றைக்கும் அந்தக் கனவானைப் பற்றி அவன்தான் கேட்டான்: "ஜன்னலச் சாத்திக்கிட்டு நெருப்புக்கு முன்னாடி உக்காந்திருக்காரே, அவருக்கு யாரு மேடம் சாபம் குடுத்தது?"

கையோடு

பாதி வகுப்பில் கதவருகே பியூன் வந்து நிற்பார். "கெமிஸ்ட்ரி சார், தங்கராசுவக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு மேடம்." வாரம் தவறாமல் இது நடக்கும். லேபில் கரைசல் கலக்க வேண்டும், குடுவை கழுவ வேண்டும், வேறு வகுப்புக்கு அமிலம் எடுத்து வைக்க வேண்டும். கெமிஸ்ட்ரி துறைத் தலைவருக்கு அவன் வலது கை. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவன் பேரில் அவருக்குப் பிரியம் உண்டு. தன் சட்டைகளைக்கூடக் கொடுத்திருக்கிறார். அவர் வகுப்பிலிருந்து ஒருவனைக் கூப்பிட நான் ஆள் அனுப்பினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரியே இரண்டாகியிருக்கும்.

விளைவு, இரண்டாம் வருஷ முடிவில் எழுதிய பார்ட் டூவில் தங்கராசு தவறிவிட்டான். அந்தக் கனவானையும் மறுப்புச் சொல்லும் அந்த ஒரு பக்கத்தையும் தவிர மீதிப் பாடம் எதற்கும் அவன் ஹாலில் முழுதாக இருந்ததில்லை. மூன்றாம் வருஷம் மெயினோடு சேர்த்து இதையும் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் மெயினில் தங்கமாக வாங்கினாலும் டிகிரி இல்லை. இதைச் சொல்லி, இனி என் வகுப்பிலிருந்து அவனை அழைக்காதீர்கள் என்று துறைத் தலைவரிடம் நேரில் போய்ச் சண்டை போட்டேன். அவர் அமிலக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இதுக்கு இங்கிலீஷ் தெரியாது மேடம். ஆனா கையில பட்டா எல்லாருக்கும் புரியும்."

பஸ் ஸ்டாண்டில் பரீட்சை

அந்த வருஷம் ஜூனியர்களுடைய லேப் பரீட்சை தள்ளிப்போய், தங்கராசு பார்ட் டூ எழுத வேண்டிய அதே நாளில் வந்து விழுந்தது. அதை நடத்த வெளித் தேர்வாளர் ஒருவர் திருச்சியிலிருந்து வரவேண்டும். முதல் நாள் துறைத் தலைவர் தங்கராசுவைக் கூப்பிட்டு, "காலையில பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு அவர அழைச்சிட்டு வந்து லேப்ல விட்டுட்டு, நீ போயி எழுது" என்றிருக்கிறார். இவனும் தலையை ஆட்டியிருக்கிறான். திருச்சி பஸ் பாடாலூர்ப் பக்கம் டயர் வெடித்து நின்றுவிட்டது. சட்டைப் பையில் ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, இவன் பஸ் ஸ்டாண்டில் இடித்த புளி மாதிரி நின்றிருக்கிறான். விட்டுவிட்டு வரத் தோன்றவில்லை. சார் சொல்லிவிட்டாரே.

தேர்வாளரின் பையைத் தூக்கிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தபோது பரீட்சை தொடங்கி அரை மணி தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஒருவரையும் உள்ளே விடக் கூடாது. வாசலில் காவல் தமிழய்யா கோவிந்தராசு. கேள்வித் தாளைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மேலே கேட்டுப் பார்த்தார், முடியாது என்றுவிட்டார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்தேன். தங்கராசு அழவில்லை. "ஏன்டா, எனக்குப் பரீட்சை இருக்குன்னு சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று அந்த வராந்தாவிலேயே கத்தினேன். அவன் காலைப் பார்த்தபடி நின்றான். கோபத்தோடு லேபுக்குப் போய்த் துறைத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் முகம் ஒரு நிமிஷம் சுண்டிப்போனது. பிறகு தேர்வாளருக்குக் காப்பி சொல்லி அனுப்பிவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "பார்ட் டூதானே மேடம், அக்டோபர்ல எழுதிக்கட்டும்."

டிகிரி எங்கே?

எறையூர் சர்க்கரை ஆலையில் லேபுக்கு ஆள் எடுத்தார்கள். கரும்புச் சாற்றைச் சோதித்துப் பார்க்கிற வேலை. தங்கராசுவுக்கென்றே செய்து வைத்த வேலை என்று வையுங்கள். மெயினில் அவன்தான் கல்லூரியிலேயே முதல். துவைத்து மடித்த சட்டையில் நேர்முகத்துக்குப் போனான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். கடைசியில் அவர்கள் நியாயமாக ஒன்று கேட்டார்கள்: "மார்க் நல்லா இருக்கு தம்பி, டிகிரி எங்க?" வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அதற்கப்புறம் அவன் மறுபடியும் லேபுக்கே வந்துகொண்டிருந்தான். சம்பளம் கிடையாது. "சும்மா வூட்ல இருக்கறதுக்கு இங்க வா, எங்கயாச்சும் சொல்லி விடறேன்" என்று துறைத் தலைவர் சொன்னாராம். அதே குடுவை, அதே கழுவல். ஒருநாள் அவனுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குக் கீழே வெயிலில் நின்றார். மேலே வாங்க என்று நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஏறினார். மகன் ஏன் பெயில் என்று கேட்டார். தங்கராசுவும் பக்கத்தில் வந்து நின்றான். நான் ஒன்றையும் மறைக்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொன்னேன். அந்தப் புத்தகம் ஊருக்கு ஒத்துவராதது, அந்த விதி அநியாயம், எங்கள் ஹால் மாட்டுக் கொட்டகை என்று என் ஆத்திரத்தையும் சேர்த்துக் கொட்டினேன். அவருக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மகனை மேலும் கீழும் பார்த்தார். குரல் உயராமல், என்னிடம்தான் சொன்னார்: "பண்ணையில கூப்ட்ட கொரலுக்கு ஓடுற பொழப்பு என்னோட ஒழியட்டும்னுதாம்மா இவனப் படிக்க அனுப்பிச்சேன். இங்க வந்தும் அதையேதான் செஞ்சிருக்கானா?"

அக்டோபர்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவிக்க வேண்டாம். தங்கராசு அக்டோபரில் எழுதினான், ஒட்டி உரசித் தேறினான், அடுத்த கரும்பு அரவைப் பருவத்தில் எறையூர் லேபிலேயே சேர்ந்தான். நான் சொல்ல வந்தது அதில்லை. பரீட்சை அன்று காலை நடந்தது.

நான் பெரம்பலூரில் பஸ் ஏறினபோதே அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான், வேப்பந்தட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறான். கல்லூரிக்குள் நுழைந்து ஹால் பக்கம் நடக்கும்போது எதிரே துறைத் தலைவர். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நல்ல சமயத்துல வந்த. லேப்ல தண்ணி வரல. பின்னாடி கெணத்துலேர்ந்து ரெண்டு கேன் புடிச்சு வச்சிட்டு ஓடிப் போயி எழுது, போ." பழக்க தோஷம், தங்கராசுவின் கால் அந்தப் பக்கம் ஓரடி திரும்பிவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. நாலு வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் அந்த மனிதர் தலையில் கொட்டிவிட வாயைத் திறந்தேன். கொட்ட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. திரும்பிய காலை அவன் திருப்பி வைத்தான். அவருடைய முகத்தைப் பார்த்தான். அவன் அப்படி ஒருவர் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. என்கேஜ்மென்டும் இல்லை, சாரியும் இல்லை. பச்சைத் தமிழில் சொன்னான்: "எனக்குப் பரீட்சை இருக்கு சார்."

என் உத்தியோகத்தில் நான் கேட்ட விடைகளிலேயே முழு மார்க் போடத் தகுந்தது அந்த ஒன்றுதான். ஆனால் பார்ட் டூ வழக்கப்படி அதுவும் கணக்கில் சேரவில்லை.