நான் நோயாளியாகப் போன பரீட்சை

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த வருஷம் மார்கழியில் எங்கள் ஊரில் காயமே படாத எல்லாரும் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஊர் என்று நான் சொன்னால் பக்கத்து மண்ணூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஏரிக்கரைக்குக் கீழே வாய்க்காலை ஒட்டியிருந்த இருளர் குடிசைகள் கொஞ்சம், அவ்வளவுதான். வயலில் எலி பிடிப்போம், விறகு வெட்டுவோம், யார் வீட்டிலாவது பாம்பு நுழைந்துவிட்டால் எங்களைத்தான் தேடி வருவார்கள். மற்ற நாட்களில் எங்களை யாரும் தேடியதாக நினைவில்லை.

அங்கிருந்துதான் என் அக்கா நர்ஸ் படிப்புக்குப் போயிருந்தாள். டவுனில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அதிலேயே பள்ளிக்கூடம், ஆஸ்டல். எங்களில் பத்தாவது வரை படித்தவளும் அவள்தான், வெள்ளை ஷூ போட்டவளும் அவள்தான். முதல் தடவை லீவுக்கு வந்தபோது அந்த ஷூவைக் குடிசைக்குள் உறியில் தொங்கவிட்டிருந்தோம். பார்க்க வந்தவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மார்கழியில் வந்தவள் முகம் சரியில்லை. கட்டுப் போடும் பரீட்சையில் தவறிவிட்டாள். தை பிறந்ததும் இன்னொரு தடவை வைப்பார்கள். அதிலும் தவறினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். ஆஸ்டலில் பெண்கள் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி கட்டுப் போட்டுப் பழகுவார்களாம். அக்காவோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. அவள் கை தங்கள் மேல் படுவதை அவர்கள் விரும்பவில்லை. இதெல்லாம் பெரியவளான பிறகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு வீட்டில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"பழகிக்க ஆளு கெடைக்கலம்மா. கட்டுப் போட்டுப் பாக்க ஆளு வேணும்."

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "காயம் இல்லாத ஒடம்புல கட்டுப் போட்டா காயத்த நாமளே கூப்புட்ட மாதிரி ஆயிடும். வாணாம்" என்றாள். அத்தை சொன்னால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நைனா மட்டும் காலை நீட்டினார்.

"வரட்டுமே. நல்ல பாம்பே கடிச்சுட்டுப் போன காலு இது. நீ கட்டு."

அன்று சாயங்காலத்துக்குள் அத்தையும் தலையைக் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட துணிச் சுருள்களை அக்கா கேட்டு வாங்கி வந்திருந்தாள். அவை போதாமல் நைனாவின் வேட்டி கிழிந்தது, அம்மாவின் பழைய சேலை கிழிந்தது. காலையில் கட்டிவிடுவாள், பொழுது சாயும்போது வந்து பார்ப்பாள். நழுவாமல் இருந்தால் பாஸ். முதல் நாளே எல்லாக் கட்டும் பாஸ். மறுநாளும் அப்படியே. அக்கா முகத்தில் களை வந்துவிட்டது.

களை வந்ததே தவிர அடுப்பில் ஒன்றும் வேகவில்லை. மூன்றாம் நாள் அம்மா சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"உன் கட்டு ஏன் நழுவல தெரியுமா? ஒருத்தனும் வேலைக்குப் போவல. எலி வளையத் தோண்டுனா கட்டு அவுந்துடும்னு எல்லாரும் கையத் தூக்கினு சும்மா குந்திகினு கீறானுங்க!"

உண்மைதான். அக்கா பாஸாக வேண்டும் என்று ஊரே கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தது. மாமா ஒரு படி மேலே போயிருந்தார். தூக்கத்தில் அவிழ்ந்துவிட்ட தன் முழங்கைக் கட்டை, எலிப்பொறிக்குப் போடும் முடிச்சைப் போட்டு அவரே இறுக்கியிருந்தார். அக்கா அந்த முடிச்சைப் பார்த்துவிட்டாள். கோபத்தில் அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

"எனக்காகத்தான் பண்ணீங்க மாமா, தெரியுது. ஆனா இப்டிப் பண்ணா நான் ஃபெயிலு. நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போங்க. தோண்டுங்க, ஓடுங்க, மரம் ஏறுங்க. அவுந்தா அவுரட்டும்."

மறுநாள் தலையிலும் முட்டியிலும் கணுக்காலிலும் கட்டோடு எங்கள் கூட்டம் வயலுக்குப் போனது. வரப்பில் நின்றிருந்த வயல்காரர் பதறிவிட்டார்.

"டேய், எவன்டா உங்கள இப்டி அடிச்சான்?"

"எங்க வூட்டுப் பொண்ணுதாங்க" என்றார் மாமா பெருமையாக.

அன்று பொழுது சாயும்போது ஒரு கட்டுகூட மிஞ்சவில்லை. நைனாவின் கட்டு சேற்றில் பாதியும் காலில் பாதியுமாக வந்தது. அக்கா அழவில்லை. எங்கே தளர்ந்தது, எந்தப் பக்கம் குனிந்தபோது விட்டது என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு மறுபடி சுற்றினாள். அடுத்த நாள் சில கட்டுகள் தப்பின. பொங்கல் நெருங்கியபோது, நைனா வளைக்குள் தோள் வரை கையை விட்டு எலியை இழுத்த பிறகும் முழங்கைக் கட்டு அப்படியே இருந்தது. துணிதான் கறுத்துப் போயிருந்தது.

பரீட்சைக்கு அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். என்னைக் கூட்டிப்போனாள். தண்டலத்தில் பஸ் ஏறும்போதே எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே பெரிய கூடத்தில் மற்றப் பெண்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் நடுவிலும் நான் ஒருத்திதான் பாவாடை சட்டை. மேட்ரன் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். யார் இது என்று கேட்கவில்லை. தலைக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று கட்டச் சொன்னார். அக்காவின் விரல்கள் நடுங்காமல் ஓடின.

கட்டி முடித்ததும், "வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார். மற்றவர்கள் குடத்தில் தண்ணீர் எடுத்துவருகிற மாதிரி மெல்ல நடந்தார்கள். எங்கள் ஊரில் கட்டைச் சோதிப்பது அப்படி இல்லையே. நான் வாசலைத் தாண்டி ஓடினேன். முற்றத்தில் ஒரு கொய்யா மரம் இருந்தது. அதில் ஏறி, கிளையைப் பிடித்துத் தொங்கி, குதித்து, மூச்சிரைக்க வந்து நின்றேன்.

"அடிப்பாவி" என்றாள் அக்கா, உதடு மட்டும் அசைய.

மேட்ரன் அம்மா என்னை அருகில் இழுத்தார். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. மெல்ல நடந்து வந்தவர்களில் ஒருத்தியின் தலைக்கட்டு அதற்குள் கண்ணை மூடியிருந்தது.

"யாருக்குக் கட்டிப் பழகுன?" என்று அக்காவைக் கேட்டார்.

"எங்க ஊருல எல்லாருக்கும் மேடம்."

மேட்ரன் அம்மா என் கையை உயர்த்திப் பிடித்தார். பிறகு அந்தக் கூடமே கேட்கும்படி, "எல்லாரும் வந்து இந்தக் கட்டப் பாருங்க" என்றார். அவர்கள் வந்தார்கள். குனிந்து என் முழங்கையைப் பார்த்தார்கள், கணுக்காலைத் திருப்பிப் பார்த்தார்கள். அக்கா பக்கத்தில் தலை நிமிர்ந்து நின்றாள். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷத்தில் மறுபடியும் மரம் ஏற வேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது கட்டை அவிழ்க்க நான் சம்மதிக்கவில்லை. பஸ்ஸில் எல்லாரும் பார்க்கட்டும் என்று ஜன்னலோரம் முழங்கையை நீட்டிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு சந்தேகம் வந்தது.

"ஏங்க்கா, மத்த அக்காங்கள்லாம் ஏன் அவங்க தங்கச்சியக் கூட்டினு வரல?"

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களுக்கு யாரும் இல்லடி" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். அவ்வளவு பெரிய டவுனில் இருந்துகொண்டு, கட்டிப் பழக ஒரு நைனா, ஒரு மாமா, ஒரு அத்தைகூட இல்லாமல் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் அந்தப் பெண்களை நினைத்து, வீடு வந்து சேரும் வரை எனக்குப் பாவமாக இருந்தது.