எஞ்சின் அணையாது என்று மட்டும் சொன்னேன்

புல் வெட்டும் டிராக்டரைப் பழுது பார்க்கும்போது நான் செய்வதை எல்லாம் ஒரே வரிசையில்தான் செய்வேன். சமதளத்தில் நிறுத்துவேன். பிளேடை நிறுத்தும் லிவரைக் கீழே தள்ளுவேன். பிரேக் போடுவேன். சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். வண்டியின் மேல் வைக்க மாட்டேன், மேஜையிலும் வைக்க மாட்டேன். பிறகு ஸ்பார்க் பிளக்கின் வயரை உருவி, அது தானாகத் திரும்பிப் போய் ஒட்டாதபடி துணியில் சுற்றி ஒதுக்குவேன். சைலன்சர் ஆறுவதற்கு அரை மணி நேரம் விடுவேன். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். முன்பக்கத்தைச் சாய்பலகையில் ஏற்றினால் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பேன். பிளேடைக் கழற்றும்போது அது சுழலாமலிருக்க ஒரு மரத்துண்டைச் செருகுவேன். தோல் கையுறை இல்லாமல் பிளேடைத் தொட்டதில்லை.

பெருமைக்காக இதை எழுதவில்லை. என் பத்து விரல்களும் முழுதாக இருக்கின்றன என்பதை எழுதவேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

லோதி ரோடு பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் வளாகப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். நான்கு புல்வெளிகள், உட்கார்ந்து ஓட்டும் டிராக்டர் ஒன்று. அதை ஓட்டியவர் ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த ஒரு பெண். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. தில்லியில் கட்டட வேலை, வீட்டு வேலை எல்லாம் பார்த்துவிட்டு எங்களிடம் களை பிடுங்க வந்தார். முன்பு டிராக்டர் ஓட்டியவர் விடுப்பில் போய்த் திரும்பாதபோது, அந்த வேலையைக் கேட்டு என் அறைக்கு வந்தார்.

"ஓட்டத் தெரியுமாம்மா?"

"கத்துக்கினா தெரிஞ்சிடப் போவுது. கத்துக் குடுங்க சார்."

இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கோடு போட்டதுபோல வெட்டினார்.

ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. அந்த வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. பிளேடு சுழலும்போது ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் அது எஞ்சினை அணைத்துவிடும். எஞ்சின் அணைந்தால் பிளேடும் நிற்கும். எழுந்தவர் கையையோ காலையோ பிளேடு பக்கம் கொண்டுபோனாலும் எதுவும் ஆகாது. அதற்காகத்தான் அந்த ஸ்விட்ச். ஆனால் இருக்கையின் ஸ்பிரிங் முன்பு ஓட்டிய பருத்த மனிதருக்கு ஏற்றபடி விறைப்பாக இருந்தது. இந்த அம்மா நாற்பத்தோரு கிலோ. சிறு மேட்டில் குலுங்கினாலும், யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று முடிவு செய்து வண்டி அணைந்துவிடும்.

"என்னாத்த சொல்றது சார். நான் குந்திக்கினு இருக்கறப்பவே ஆளே இல்லன்னுது இது."

இன்னும் இரண்டு ரொட்டி சாப்பிடச் சொல்லி மற்ற தோட்டக்காரர்கள் தூரத்திலிருந்து கத்துவார்கள்: "மேடம்ஜி, தோ ரொட்டி ஔர் காவோ!"

"உன் வூட்டுலேருந்து கொண்டாடா பையா, திங்கறேன்!" என்று தமிழிலேயே பதில் போகும். இரண்டு பக்கமும் சிரிப்பார்கள்.

இந்தத் தொல்லையிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஈரப்புல் வெளியே வரும் வழியில் அடைத்துக்கொண்டால், லிவரைத் தொட மாட்டார். சும்மா எழுந்து நிற்பார். வண்டி அணையும். இறங்கிப் போய்க் கையால் புல்லைப் பிடுங்கிப் போடுவார். அடைப்பெடுக்க ஒரு குச்சி வண்டியிலேயே கட்டியிருந்தது. அணைந்த வண்டிக்கு அது தேவைப்படவில்லை. எட்டு மாதம் இப்படித்தான் நடந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு முறைகூட, "எழுந்து நிற்பது வண்டியை நிறுத்தும் முறை ஆகாது" என்று சொல்லவில்லை.

மழைக்காலத்தில் நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. பெரிய புல்வெளியில் பந்தல் போடுமுன் வெட்டி முடிக்க வேண்டும். புதிய ஸ்பிரிங்குக்கு எழுதிப் போட்டு ஒரு மாதமாகியும் வரவில்லை. வண்டி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்றது. அலுவலகத்திலிருந்து, "ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தித் தினமும் போன். ஒரு வெள்ளிக்கிழமை, மேலே எழுதிய வரிசைப்படி எல்லாவற்றையும் செய்து, சாவி என் பையில் இருக்க, இருக்கையைத் தூக்கி, ஸ்விட்சுக்கு வரும் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். இனி அந்த வண்டியின் கணக்கில் யாரோ எப்போதும் உட்கார்ந்திருக்கிறார். ஸ்பிரிங் வந்ததும் வயரை எடுத்துவிடுவதாக எண்ணியிருந்தேன்.

அந்த அம்மா அன்று சொந்த ஊரில் இருந்தார். அக்கா மகள் கல்யாணம். திங்கட்கிழமை திரும்பி வந்தார். பராமரிப்புப் பதிவேட்டில் ஆங்கிலத்தில், இருக்கை ஸ்விட்ச் தற்காலிகமாக இணைக்கப்பட்டது, ஓட்டுநருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். அவர் வந்தபோது கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது என்று என்னை அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் படியில் நின்றபடியே சொன்னேன்: "இனிமே எஞ்சின் அணையாதும்மா. குலுங்கினாலும் ஓடும்."

"அச்சா சார். நல்லதாப் போச்சி."

பதிவேட்டைத் திருப்பினேன். நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

ஒன்பது நாள் மழை இல்லை. புல் காய்ந்திருந்தது, அடைக்கவில்லை. இடையில் வந்த திங்கட்கிழமை வழக்கமான சர்வீஸ் செய்தேன். எண்ணெய் அளவு, பெல்ட்டின் இறுக்கம், டயரின் காற்று, பாதுகாப்பு ஸ்விட்சுகள் என்று பட்டியலில் இருந்த எல்லாவற்றுக்கும் எதிரே சரிக்குறி போட்டேன். கடைசி வரிக்கும் போட்டேன்.

பத்தாம் நாள் காலை மழை பெய்து ஓய்ந்தது. பதினொரு மணிக்கு அவர் ஓட்ட ஆரம்பித்தார். காதுக்கு அடைப்பான் மாட்டியிருந்தார். அதை மாட்டாமல் ஓட்டக்கூடாது என்று வற்புறுத்தியவன் நான்தான். புல் அடைத்தது. எழுந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் அணையாது என்றுதான் நான் சொல்லியிருந்தேனே. எழுந்தால் பிளேடு நின்றுவிடும், எஞ்சின் மட்டும் ஓடும்படி நான் சரிசெய்திருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். இறங்கிப் பார்த்தபோது, பிளேடு நின்றுதான் இருந்தது. ஈரப்புல்லில் சிக்கி, பெல்ட் வழுக்கிக்கொண்டு, பிளேடு நின்றிருந்தது. அவர் புல்லைப் பிடுங்கியதும் அது விடுபட்டது.

வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும், முதல் கணு வரை போயின.

ஆண்டு விழா முடிந்திருந்தது. பந்தலின் கம்பங்களைக்கூட இன்னும் பிரித்து முடித்திருக்கவில்லை.

மறுநாள் நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மோசமான மனிதர் அல்ல. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அந்த வரியையும் அதற்குக் கீழே இருந்த கையெழுத்தையும் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"ரெஜிஸ்டர் தோ ஏக்தம் பக்கா ஹை," என்றார். பதிவேடு கச்சிதமாக இருக்கிறது என்று. பிறகு இந்தியிலேயே விளக்கினார். ஓட்டுநருக்குத் தெரிவித்திருக்கிறீர்கள், கையெழுத்து இருக்கிறது. லிவரைத் தள்ளாமல் இறங்கியது அவர் தவறு. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று அறிக்கை போனால் ஒப்பந்தக்காரர் அவரை வேலையிலிருந்து எடுத்துவிடுவார். பராமரிப்பில் குறை என்று போனால், மருத்துவ விடுப்பு கொடுத்து, வேறு இலகுவான வேலையில் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கும். "புதன்கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இருப்பதை எழுதினால் போதும்."

இருப்பதை எழுதினால் போதும் என்றதுதான் என்னை உறுத்தியது. பதிவேட்டில் இருப்பதா, நடந்ததா என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் என் நாட்குறிப்பில்கூட மழை அளவையும் மோட்டார் பழுதையும்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். ரயில் பாதை ஓரத்தில், ஒரு அறை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய இட்லி அரிசியும் உளுந்தும் ஒரு பையில். கை முழுக்கக் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போடச் சொல்லிப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார்.

"என் புத்திதான் சார் கெட்டுப் போச்சி. மெசின்ல போயி யாராச்சும் கைய விடுவாங்களா? எல்லாரும் திட்டறாங்க."

"நீங்க ஏம்மா லிவரைத் தள்ளலை?"

"எந்திரிச்சா நின்னுடும்தானே சார். எஞ்சின் மட்டும் அணையாதுன்னு சொன்னீங்க. பிளேடு நின்னுதான் இருந்திச்சி, என் கண்ணால பாத்தேன்."

அப்போதுதான் எனக்கு முழுவதும் புரிந்தது. வயரைப் பற்றிச் சொன்னேன். இருக்கையைத் தூக்கியது, இரண்டு முனைகள், அது எதற்காக இருந்தது, நான் என்ன செய்தேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை.

"அப்போ அந்தக் கையெழுத்து?"

"உங்களுக்குச் சொல்லியாச்சுன்னு அதில எழுதியிருக்கு."

"சொல்லலியே சார்."

"சொல்லலை."

"இத்த நாலு நாளா வெச்சிக்கினு இருந்தீங்களா?"

நான் எழுந்தேன். பை தரையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முழுவதும் அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். ஆங்கிலத்தில், எண் போட்டு, பதினொரு வரிகள். ஸ்விட்சை நான் இணைத்தது, அன்று அவர் வேலைக்கு வராதது, நான் படியில் நின்று சொன்ன வார்த்தைகள், சரிக்குறி, எல்லாம் அதில் இருந்தன. எழுதியிருப்பது சரிதான் என்று அந்த அம்மாவும் ஒப்புக்கொண்டால் அதிகாரி மறுக்க முடியாது என்பதால், அவருடைய கையொப்பத்துக்கும் கீழே இடம் விட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றிக்கொண்டு, ஒப்பந்தக்காரரைப் பார்ப்பதற்காக நிலையத்துக்கே வந்தார். கேண்டீனில் உட்கார்ந்தோம். நான் பேப்பரை எடுத்து, "படிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"நீங்க வாணாம் சார். வேற யாராச்சும் படிக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டாம் என்பதுபோலத்தான் சொன்னார்.

வரவேற்பில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள், தில்லியில் பிறந்தவள். அவளைக் கூப்பிட்டேன். அவள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். "ஆன்ட்டி, என்னோட தமிழ் தோடா வீக். பர்வா இல்லையா?"

"எனக்கு உன் இந்தியும் புரியும். படி கண்ணு."

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் சொன்னாள். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். ஒன்பதாவது வரியில் அவள் சொன்னாள்: "நைன்த்ல... சார் பிளேட் பத்தி சொல்லலை. ஆன்ட்டியும் கேக்கலை."

"நில்லு. இன்னொரு வாட்டி."

"சார் சொல்லலை. ஆன்ட்டியும் கேக்கலை."

அவர் என்னைப் பார்த்தார். "நான் கேக்கலன்னு எதுக்கு சார் போட்டீங்க? அங்க ஒரு வயரு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. தெரியாதத நான் எப்பிடிக் கேப்பேன்?"

வரவேற்புப் பெண் பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு, போன் வருகிறது என்று போய்விட்டாள். போன் எதுவும் வரவில்லை.

அந்த வரியை எழுதும்போது நான் எதையும் மறைப்பதாக நினைக்கவில்லை. துல்லியமாக எழுதுவதாகத்தான் நினைத்தேன். அவர் கேட்கவில்லை என்பது உண்மை. உண்மையாக இருந்துகொண்டே அது என் பங்கில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்திருந்தது. பேனாவை எடுத்து அந்த இரண்டாம் வாக்கியத்தை அடித்தேன். அடித்ததற்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் இட்டேன். அவர் இடது கையால், வெகு நேரம் எடுத்து, தன் பெயரை எழுதினார்.

அதிகாரி புதன்கிழமை காலை அதைப் படித்தார். இரண்டு முறை. அடித்த இடத்தில் விரல் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அவர் கேட்கவில்லை என்பது உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

"பிறகு எதற்கு அடித்தீர்கள்? இது இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கும்."

"அது அங்கே இருக்கக் கூடாது, சார்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்திட்டார். எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. டிராக்டர் என் பொறுப்பிலிருந்து எடுக்கப்பட்டு, வெளியாட்களிடம் பராமரிப்புக்குப் போனது. அந்த அம்மாவை நாற்றங்கால் பக்கம் வைத்துக்கொண்டார்கள். காலையில் கடந்து போகும்போது வணக்கம் சொல்வேன். அவரும் சொல்வார். இடது கையால் மண்ணைத் தட்டி, தொட்டிகளை வரிசையாக நகர்த்திக்கொண்டிருப்பார். அதற்கு மேல் நாங்கள் எதுவும் பேசிக்கொள்வதில்லை.