அஞ்சலை வீட்டுக் கதவு

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உளுந்தூர்பேட்டை ரோடு முழுக்க மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கல்லூரி மூடிவிட்டதால், கள்ளக்குறிச்சி பக்கத்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தின் நாலு தலைமுறைக் கதை. அவர்களை ஊரைவிட்டுத் துரத்தும் இடத்தில் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

அப்போது அஞ்சலை வந்து நின்றாள். மூன்று தலைமுறையாக எங்கள் நிலத்தோரம் குடிசை போட்டு, எங்களிடமே கூலிக்கு உழைத்த குடும்பம். மறியலுக்கு மரம் வெட்ட வரமாட்டேன் என்று அவள் புருஷன் சொல்லிவிட்டதால், உடனே காலிபண்ணச் சொல்லியிருந்தார் அப்பா.

"சின்னய்யா, வூட்டுக் கதவ மட்டும் கழட்டிக்கினு போறோங்க. எங்க மாமனாரு வாங்கிப் போட்டதுங்க. பெரியய்யாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"படிச்சிக்கினு இருக்கேன்ல? அப்புறம் வா!" என்றேன். அவளுக்கு என் அம்மா வயது. விட்ட வரியைத் தேடிப்பிடித்து மறுபடியும் அழுதேன்.

அவள் வரவில்லை. கல்வராயன் மலைப் பக்கம் போய்விட்டார்களாம். கதவை எங்கள் மாட்டுக்கொட்டகையில் மாட்டினார் அப்பா. அதைத் தள்ளித்தான் தினமும் பால் கறக்கப் போனோம்.

அந்த நாவலில் வருபவர்களின் பெயர்களை நாலு தலைமுறைக்கும் இன்றுகூட வரிசையாகச் சொல்வேன். அந்தக் கதவை வாங்கிப் போட்டவர் பெயர் எனக்குத் தெரியாது.