ரத்தினத்தின் பச்சைக் கட்டம்

வேப்பமர நிழலும் வெந்து கிடக்கிற கரிசல் காட்டில் கம்பளி பின்னத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்கிய கதைதான். ஆனாலும் ரத்தினத்துக்கு அது தெரியும். தாய் தகப்பன் இல்லாமல் மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். அங்கே இருந்த வெள்ளைக்கார அம்மா, தன் ஊர்க் குளிரை மறக்க முடியாமலோ என்னவோ, பிள்ளைகளின் கையில் ஊசியைக் கொடுத்துப் பின்ன வைத்தாள். அந்த வித்தையோடு கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு ஊரில் சாமுவேல்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ரத்தினம், பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போய்க்கொண்டிருந்தாள்.

சாமுவேல்ராஜ் பஞ்சு ஆலைக்கு வேலைக்குப் போனவர். இருமல் வந்தது, பிறகு ரத்தம் வந்தது, டி.பி. என்றார்கள். சானடோரியத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்து, ஐம்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் கழுத்தில் ஒரு பச்சைக் கம்பளி மப்ளரோடு திரும்பினார். உடம்பு தேறிவிட்டது, இருந்தாலும் பாத்திரம் துணிமணியைத் தனியாக வைத்துக் கொதிக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் பாதி ஊர்க்காரர்கள் காதில் ஏறவில்லை. வேதக்கோயிலில் ரத்தினம் உட்காரும் பாயில் வேறு யாரும் உட்காருவதில்லை. கிணற்றடியில் அவளைக் கண்டால் பெண்கள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். நேற்றுவரை மதினி, மதினி என்று சுற்றி வந்தவர்கள்தான்.

அந்த நேரத்தில்தான் சீமையிலிருந்து மிஷன் வழியாக ஒரு மூட்டை பழைய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. இந்த ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஆள் வெந்து போவான். கோயில் ஊழியம் பார்க்கும் உபதேசியாரின் மனைவி ஜெயகுமாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லாவற்றையும் பிரித்து நூலாக்குவது, வீட்டுக்கு ஒரு சதுரக் கட்டம் பின்னுவது, எல்லாக் கட்டத்தையும் சேர்த்து ஒரு பெரிய போர்வையாகத் தைத்து, விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவது. யோசனை நல்லதுதான், பின்னத் தெரிந்தவள் ரத்தினம் ஒருத்திதானே. அவள் கோயில் முற்றத்தில் தள்ளி உட்கார்ந்து, குடைக்கம்பியைத் தேய்த்து ஊசியாக்கி, எட்ட இருந்தே பின்னிக் காட்டினாள். பெண்கள் எட்ட இருந்தே படித்துக்கொண்டார்கள். வித்தைக்கு மட்டும் தீட்டு இல்லை போலிருக்கிறது.

அவளுக்கும் நூல் கிடைத்தது, சிவப்பு நூல். அதைப் பின்னும்போது அவள் மனதில் ஒரே எண்ணம்தான். ஊர்ப் போர்வையில் தன் கட்டமும் இருந்துவிட்டால் தன் வீடும் ஊரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாமல் போனால் இனி என்றைக்கும் இல்லை.

கட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று ஜெயகுமாரி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். மூன்று பெண்ணுக்குப் பிறகு பிறந்த பையன். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது.

"ஏட்டி ரத்தினம், தப்பா நினைக்காத. ஒருதரம் கொதிக்க வச்சுக் கொண்டாந்திரு. நாலு பேரு நாலு சொல்லுதாவ."

"சரிம்மா" என்றாள் ரத்தினம். பருத்தி விளைகிற மண்ணில் பிறந்தவளுக்குத் துணி என்றால் கொதிக்க வைத்தால் வெளுக்கும், அவ்வளவுதான். வேப்பிலையும் சவுக்காரமும் போட்டுக் கம்பால் குத்திக் குத்திக் கொதிக்க வைத்தாள். எடுத்துப் பார்த்தால் கட்டம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, செருப்புத் தோல் போல இறுகிக் கிடந்தது. பிரித்துப் பின்னலாம் என்றால் ஒரு இழைகூட உருவ வரவில்லை. கம்பளியைக் கொதிக்க வைக்கக் கூடாது என்று போர்டிங்கில் யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே அவர்கள் பின்னியதை யார் துவைத்தார்கள்?

மூட்டையில் நூல் தீர்ந்திருந்தது. மறுநாள் கட்டங்களைச் சேர்த்துத் தைக்கிறார்கள். ரத்தினம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சாமுவேல்ராஜ் கழுத்திலிருந்த மப்ளரைக் கழற்றி, ஒரு முனையை அவிழ்த்து நூலை உருவ ஆரம்பித்தார். நனைத்தால் லேசில் காயாது என்று வந்த நாளிலிருந்து தண்ணீரே படாத மப்ளர். அவர் இருமியதெல்லாம் அதில்தான்.

"வேண்டாம்ங்க" என்றாள்.

"ஏன், அதான் தேறிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாவல்லா. நீயும் நம்பலியா?"

அதற்கு மேல் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் பச்சைக் கட்டம் முடிந்தது.

மறுநாள் காலை ஜெயகுமாரி கையால் வாங்காமல் முறத்தை நீட்டினாள். ரத்தினம் கட்டத்தை முறத்தில் போட்டாள்.

"கொதிக்க வச்சியா?"

"வச்சேன்."

வீட்டுக்கு ஒரு நிறமாகக் கொடுத்ததில் இவளுடையது சிவப்பு என்பது ஜெயகுமாரிக்கு நினைவில்லை. எதைக் கொதிக்க வைத்தாள் என்று அவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

பண்டிகையன்று ஆராதனை முடிந்து ஏலம் நடந்தது. கம்பு மூட்டை, வாழைத்தார், சேவல் எல்லாம் போன பிறகு உபதேசியார் போர்வையை இரண்டு பேரை விட்டு விரித்துப் பிடிக்கச் சொன்னார். கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. நடுவில் கொஞ்சம் தள்ளிப் பச்சைக் கட்டம். அதைப் பார்த்து ரத்தினத்துக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தி, நெடுநாளைக்குப் பிறகு, அவள் தோளைத் தொட்டு, "உன்னால வந்ததுல்லா இது" என்றாள்.

கடைக்காரர் ஜான்பீட்டர் அண்ணாச்சி போர்வையை ஏலத்தில் எடுத்தார். எடுத்ததைக் கோயிலிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவது அவர் வழக்கம். "உபதேசியாரய்யா மகனுக்கு" என்றார். ஜெயகுமாரி சிரித்துக்கொண்டே பையனைப் போர்வையில் வைத்துச் சுற்றினாள். பிள்ளை பச்சைக் கட்டத்தை இழுத்து வாயில் வைத்துச் சப்பியது.

ரத்தினத்தின் தோளில் அந்தக் கை இன்னும் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும். அவள் எழுந்தாள்.

"அம்மா, பிள்ளைய அதுல சுத்தாதீங்க. அந்தப் பச்சை அவிய மப்ளரு நூலு. கொதிக்காதது."

ஜெயகுமாரி பிள்ளையை வெடுக்கென்று உருவிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். போர்வை மண்ணில் கிடந்தது. அந்த ஒரு கட்டத்தை அறுத்து எடுத்துவிட்டால் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போர்வையையே எரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எரிக்கவும் தொட வேண்டுமே. கடைசியில் ரத்தினமே அதை உதறி மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பண்டிகைக்கு ஊர் கூடிப் பொங்கிப் பங்கிடும் அசனச் சோறு அன்று அவர்கள் வீட்டுக்கு வரவில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாசியில் சாமுவேல்ராஜுக்கு இருமல் திரும்பவும் கூடியது. கழுத்துக்கு மப்ளர் இல்லை, ஆனால் கால் முதல் கழுத்து வரை போர்வை இருந்தது. படுத்தபடியே ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் கேட்பார்.

"இது யாரு பின்னுனது?"

"செல்லத்தாய் மதினி. ஓரம் கோணிக் கிடக்கு பாருங்க."

"இது?"

"உபதேசியாரம்மா."

"இது?"

"கிழக்கு வீட்டு மேரிராணி. மூணுதரம் பிரிச்சுப் பின்னுனா."

பண்டிகைக்குப் பிறகு அந்த வாசலை யாரும் மிதிக்கவில்லை. அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப எல்லாரும் வந்திருக்காவ" என்றார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு ரத்தினம் போய், யாராவது வருவார்கள் என்று திறந்தே கிடந்த கதவைச் சாத்தினாள்.