ஒரே சோறு, இரண்டு உடம்பு

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குப் பருத்த உடம்பு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில், கம்பியின் தரம் பார்க்கும் வேலை. வீடு பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். உட்கார்ந்தால் பக்கத்து ஆளுக்கு இடம் குறையும் என்பதால் பெரும்பாலும் நின்றுகொண்டே போவேன். அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. சாப்பிடும்போது யாராவது என் சோற்றைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டால்தான் மனசு சுருங்கும்.

அப்படிப் பெருமூச்சு விடாத ஒரே ஆள் என் நண்பன். அதே ஷிப்டில் கிரேன் ஓட்டுகிறவன். பழவேற்காடு ஏரியில் வலை வீசும் குடும்பம் அவனுடையது. ஒடிசலான ஆள், பெல்ட்டில் கூடுதலாக ஓட்டை போட்டுத்தான் பேன்ட்டை நிறுத்துவான். மதியத்தில் என் வீட்டுச் சோற்றையும் அவன் வீட்டு மடவை மீன் குழம்பையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வோம். அவன் என்னைவிட அதிகமாகவே சாப்பிடுவான். சாயங்கால டீக்குக் கேன்டீன் போண்டாவையும் விடமாட்டான்.

"துண்றது எல்லாம் எங்க போவுதுன்னே தெர்ல மச்சான்" என்று வயிற்றைத் தட்டிக்கொள்வான்.

சில வருடங்களுக்கு முன் ஆலையில் வழக்கமான மருத்துவப் பரிசோதனை நடந்தது. வாங்கப்போகும் திட்டுக்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெயரைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"வெயிட் குறைக்கணும், இல்லன்னா முட்டி தாங்காது. மத்தபடி சர்க்கரை, ஈரல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சந்தோஷமாக வெளியே வந்து நண்பனுக்காகக் காத்திருந்தேன். அவன் முகம் வெளுத்து வந்தான்.

"எனக்கு சுகர் கீதாம்டா. ஈரல்ல கொழுப்பு வேற கீதாம். ரிப்போர்ட்டு மாறிப்போச்சுன்னு சொல்லிப் பார்த்தேன். திரும்ப ரத்தம் எடுத்துகினாங்க."

இரண்டாவது முடிவும் அதையேதான் சொன்னது.

நோய்கூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டில் நடந்ததுதான் அவனை உடைத்துவிட்டது. ஈரல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் மனைவி, "குடிக்காமலா ஈரல் கெடும்? எத்தினி நாளா எனக்குத் தெரியாம குடிச்சிகினு கீற?" என்று கேட்டுவிட்டாள். அவனுடைய அப்பா குடித்தே போனவர். அதனால் அவன் பீர்கூடத் தொட்டவனில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் கொடுத்த வாக்கு அது. இப்போது அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் மதியத்துக்கு வெள்ளரிக்காய் மட்டும் கொண்டுவந்து, என்னோடு உட்காராமல் கிரேன் கேபினிலேயே கடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் தங்கை நினைவு வந்தது. அவள் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி போட்டு எடை பார்க்கிற வேலையில் இருந்தாள். என்ன தின்றால் யார் ஏன் பெருக்கிறார்கள் என்பதுதான் அங்கே படிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வரச்சொல்லி, நண்பனையும் அவன் மனைவியையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சோறு பரிமாறும்போது என் மனைவிதான் பேச்சை எடுத்தாள். "அண்ணன் ஒல்லியாதான கீறாரு. இவருக்குப் போயி எப்படி?"

தங்கை நண்பனைப் பார்த்துச் சொன்னாள். "எங்க லேப்ல எல்லா எலிக்கும் ஒரே கொழுப்புத் தீனிதான்ணா போடறோம். ஒண்ணு பந்து மாதிரி ஊதுது, ஒண்ணு ஊதல. ஊதினது எல்லாத்துக்கும் சுகர் வருதுன்னும் இல்ல."

"அது எப்படிம்மா?" என்றான்.

"உடம்புல கீற கொழுப்பு சும்மா தூங்கிகினு இல்ல. அது ஒரு புரோட்டீன ரத்தத்துல விடுது. அந்தப் புரோட்டீன் ஈரலு, சதை எல்லாத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஒழுங்கா செலவு பண்ண வெக்குது. அது நெறைய சுரக்கிற மாதிரி வளத்த எலிங்க குண்டாத்தான் ஆச்சு, ஆனா சுகர் ஏறல. கொழுப்பு தோலுக்கு அடியிலயே தங்கிடுச்சு. அந்தப் புரோட்டீன் கம்மியா இருந்தா, ஆளு ஒல்லியா இருந்தாலும் கொழுப்பு ஈரல்ல போய் சேந்துக்கும்."

அதுவரை தலை நிமிராத நண்பனின் மனைவி மெதுவாகக் கேட்டாள். "அப்போ குடிக்காத ஆளுக்கும் ஈரல்ல கொழுப்பு வருமா?"

"நல்லா வரும் அண்ணி. எங்க எலிங்க எந்தக் கடைக்குப் போச்சு?"

என் மனைவி சிரித்துவிட்டாள். நண்பனின் மனைவி சிரிக்கவில்லை. புருஷன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குழம்பிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து, முள் நீக்கி அவன் தட்டில் வைத்தாள். "சாப்புடு. வெறும் வெள்ளரிக்காய துண்ணுகினு எப்படி கிரேன் ஓட்டுவ?" என்றாள். அவன் சாப்பிட்டான். கண் கலங்கியதைக் காரம் என்று சொல்லிச் சமாளித்தான்.

எனக்கு ஒரு ஆசை. "அப்போ என் உடம்புல அந்தப் புரோட்டீன் நெறைய இருக்கும்ல?"

"யாரு அளந்து பார்த்தா? எலிக்கு நடக்கிறது அப்படியே மனுஷனுக்கு நடக்கும்னு எழுதி வெக்கல. அது இருந்தாலும் வயசு ஏற ஏற எத்தினி நாளு காப்பாத்தும்?" என்று சொல்லிக்கொண்டே சோற்றுக் குண்டானை என் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்திவிட்டாள்.

மறுநாளிலிருந்து நண்பன் பழையபடி என்னோடு சாப்பிட உட்கார்ந்தான். சோற்றைக் குறைத்தான், மாத்திரையை விடாமல் போட்டான். நானும் சோற்றைக் குறைத்தேன். ஸ்டேஷனிலிருந்து ஆலைக்கு ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு இருவரும் நடக்க ஆரம்பித்தோம். கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் சாலை அது. எனக்கு மூச்சு வாங்கும்போது அவன் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்து நிற்பான்.

கேன்டீன்காரரிடம் போண்டாவுக்குப் பதில் சுண்டல் போடச் சொன்னோம். "சுண்டலு போட்டா யாரு நைனா வாங்குவான்?" என்று அலுத்துக்கொண்டார். நாங்கள் விடாமல் நச்சரித்ததில், இரண்டும் கிடைக்கும் என்ற அளவில் சமாதானமானோம்.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் அவனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, ஈரலும் தேறியது. நான் இளைத்தேன் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ரயில்வே மேம்பாலப் படிகளில் இப்போது நடுவில் நிற்காமல் ஏறுகிறேன். எனக்கு அது போதும்.

இப்போது சாயங்காலங்களில் அவனும் அவன் மனைவியும் பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் நடக்கிறார்கள். போன வாரம் அவள் என் மனைவிக்கு போன் பண்ணி, "கூட வான்னு கூப்ட்டுட்டு இவரு பாட்டுக்கு ஓடறாருக்கா. நான் நண்டு விக்கிறவங்ககூட பேசிகினு நின்னுட்டேன்" என்று புகார் சொன்னாள். பின்னால் அவன் சத்தமாகச் சிரிப்பது எங்களுக்கும் கேட்டது.