ராஜாவுக்காகச் செத்த கதை

போன வாரம் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, "அசையாம இருங்க சார், நான் சொன்னப்புறம் எழுந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள் ஒரு பெண். முதுகுக்குக் கீழே பலகை சில்லென்றிருந்தது. பயப்பட வேண்டிய நேரம்தான். எனக்கோ செஞ்சியில் செத்துக் கிடந்த ஞாபகம் வந்து தொலைத்தது. சிரிக்காதீர்கள், செத்துத்தான் கிடந்தேன், அதுவும் ராஜாவுக்காக.

அறுபதுகளின் நடுவில் தபால் ஆபீஸ் வேலைக்காகச் செஞ்சிக்குப் போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரனுக்கு அங்கே கடலைச் செக்கு வாசனையையும் மொட்டைப் பாறைகளையும் தவிர வேறெதுவும் பழகவில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறை. பேச்சு என்றால் ஸ்டாம்பு கேட்டு வருகிறவர்களோடுதான். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. குரல் இருக்கிறதா என்று பார்க்கச் சில ஞாயிறுகளில் நானே சத்தமாக நாலு வார்த்தை பேசியிருக்கிறேன்.

அப்போதுதான் கோட்டைத் திருநாள் குழுவுக்கு ஆள் சேர்த்தார்கள். கடைத்தெரு வியாபாரிகள், ஒரு தையல்காரர், சில வாத்தியார்கள் கூடி நடத்தியது. ஊர்க் கதை ஊர்க்காரனுக்கே மறந்துபோகிறதே என்று அவர்களுக்கு ஆதங்கம். கடலை அறுவடை முடிந்ததும் ராஜகிரிக் கோட்டை மலையின் அடிவாரத்தில் பழைய சண்டையை நடித்துக் காட்டுவார்கள். ராஜா யாரென்று சொல்ல வேண்டியதில்லை, செஞ்சி என்றால் அவர் ஒருவர்தான். சின்ன வயசு, ஆற்காட்டு நவாபின் பெரும்படையைக் கொஞ்சம் ஆட்களோடு எதிர்த்துச் செத்தவர். அவருடைய குதிரையாக வந்தது பஸ் ஸ்டாண்டு ஜட்கா குதிரை. தாரை தப்பட்டைக்கெல்லாம் அது மசியாது. பஸ் கண்டக்டர் விசில் கேட்டால்தான் சவாரி வந்துவிட்டதென்று ஓட்டமெடுக்கும். அதனால் போர்க்களத்தில் ஒருவர் விசிலும் ஊதுவார்.

நவாப் சிப்பாயாக நிற்க ஊரில் ஒருவரும் முன்வருவதில்லை. என்னைப் போன்ற வெளியூர் உத்தியோகஸ்தர்களைப் பிடித்து ஒட்டுமீசை வைத்துவிடுவார்கள். மறுநாள் கவுண்டருக்கு வருகிறவர்கள், "இன்னா சார், எங்க ராஜாவ குத்திட்டு இங்க வந்து ஸ்டாம்பு விக்கிறியா?" என்பார்கள். கேலிதான். ஆனால் அந்த 'எங்க' எனக்கில்லை என்பது அறைக்குப் போனதும் உறைக்கும். வருஷா வருஷம் ஜெயித்துவிட்டு வந்து தனியாகச் சோறு வடித்தேன். எப்படியாவது ராஜா பக்கம் போய்விட வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது.

குழுவின் செயலாளர் கடலை மண்டி தனகோடியிடம் போய் நின்றேன். "அவ்ளோதான சார்? இந்த வாட்டி நம்ம பக்கம் செத்துடு" என்றார் தாராளமாக.

அந்தச் சண்டையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா பக்கம் எல்லோரும் சாக வேண்டும். செத்த வேஷம் போட்டவன் தானாக எழுந்திருக்கக் கூடாது, ஆகாது. வீட்டு மனுஷர் யாராவது வந்து முகத்தில் தண்ணீர் தெளித்துப் பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று நானே பார்த்ததுதான். சாகிற குஷியில் யோசிக்கவில்லை. தனகோடிக்கும் தோன்றவில்லை, வீட்டு மனுஷர் இல்லாத ஆளை அவர் எங்கே கண்டார்?

பிரமாதமாகச் செத்தேன். முழங்கால்கூடச் சிராய்த்துக்கொண்டது. பெண்கள் செம்போடு இறங்கினார்கள். "டேய் முனுசாமி, எய்ந்துருடா." "ஏழுமல, எய்ந்து வா நைனா." சுற்றிலும் ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனார்கள். நான் கண்ணை மூடியபடி காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் எனக்காக இருக்குமோ என்று தோன்றும், தாண்டிப் போய்விடும். பந்தல் பிரிக்கவே தொடங்கிவிட்டார்கள். எழுந்து நடந்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் எழுந்தால் வெளியூர்க்காரன்தான் என்று ஆகிவிடுமே. வீம்பாகக் கிடந்தேன். அழுகை முட்டியது, செத்தவன் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் முகத்தில் ஒரு நிழல் விழுந்தது. பக்கத்துக் கிராமமான வல்லத்து ஏழுமலையின் அம்மா. மகனைக் கூட்டிக்கொண்டு போனவள் திரும்பி வந்திருந்தாள். தண்ணீர் தெளித்தாள். பிறகு குனிந்து, "உன் பேரு இன்னா நைனா?" என்றாள்.

ஊருக்கே நான் தபாலாபீசு சார். பெயர் யாருக்கும் தெரியாது. உதட்டை அசைக்காமல் சொன்னேன். அவள் நிமிர்ந்து, மைதானத்துக்கே கேட்கும்படி அதைச் சொல்லிக் கூப்பிட்டாள். "எய்ந்துரு. எங்கூட்டுல சாப்ட்டுட்டு போலாம், வா."

அன்று அவர்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிடும்போதுதான் அழுதேன். குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறு வருஷமே மாற்றல். தனகோடி நோயில் படுத்ததோடு குழு கலைந்துபோனதாகக் கேள்வி. பிறகொரு தடவை போனபோது அடிவாரத்தில் கம்பி வேலியும் டிக்கெட் கவுண்டரும்தான் இருந்தன. வல்லத்தில் அந்த அம்மா இல்லை. என் அம்மா, அண்ணன் என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மனைவி ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை, இப்போது அவளும் இல்லை.

கதவு திறந்தது. "முடிஞ்சுது சார். எழுப்பிவிட உங்ககூட யாராவது வந்திருக்காங்களா?" என்றாள் அந்தப் பெண்.

இல்லையம்மா என்று சொல்லிவிட்டு, நானாகவே எழுந்தேன்.